1.6 இன்ஜின், 1.8 கியர்பாக்ஸ், நடுவுல எந்த கிளட்ச்?

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இப்படி. ஆட்டோமேட்டிக்கா வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 உங்ககிட்ட இருக்கு, இன்ஜின் 1.6. அத மேனுவலா மாத்தணும்னு 1.8 கார்லேர்ந்து கழட்டின ஃபைவ் ஸ்பீடு பாக்ஸ் ஒண்ணு வாங்கிட்டீங்க, பாக்ஸ் மட்டும்தான், ஃப்ளைவீல் (இன்ஜின் பின்னாடி சுத்துற கனமான சக்கரம்), கிளட்ச் எதுவும் கூட வரல. இப்ப தேடினா 200 மி.மீ. கிளட்ச் கிட் (கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் சேர்ந்த செட்டு) ஒண்ணு, 215 மி.மீ. கிட் ஒண்ணு, ரெண்டுக்கும் கீழ "எம்எக்ஸ்-5க்கு பொருந்தும்"னு போட்டிருக்கான், எத வாங்குறதுன்னு கேக்குறீங்க. ஆனா நீங்க உண்மையிலேயே கேக்குறது, இன்ஜின் ஒரு கார்து பாக்ஸ் இன்னொரு கார்துன்னு ஆகும்போது நடுவுல உக்கார்ற கிளட்ச யாரோட கணக்குல வாங்கணும்ங்கறதுதான்னு எனக்குத் தோணுது. அதனால முதல்ல நேர் பதில சொல்லிட்டு அப்புறம் அந்த கணக்குக்கு வர்றேன்.

நேர் பதில்: 1.8ஓட ஃப்ளைவீல், 1.8ஓட 215 மி.மீ. கிட், ரெண்டையும் ஜோடியா வாங்குங்க. 200 மி.மீ. கிட் 1.6ஓட ஃப்ளைவீலுக்கு, 215 மி.மீ. கிட் 1.8ஓட ஃப்ளைவீலுக்கு, மாத்தி மாட்ட முடியாது, ஏன்னா பிரஷர் பிளேட்டோட (கிளட்ச் பிளேட்ட ஃப்ளைவீல் மேல அழுத்திப் பிடிக்கறது) போல்ட் துளைங்க உக்கார்ற வட்டமே வேற. ஆனா 1.8 ஃப்ளைவீல் 1.6 கிராங்க்ல, அதாவது இன்ஜினோட சுழல்தண்டுல, அப்படியே உக்காரும், ரெண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின், டர்போ வெச்ச 1.6 காரங்க பல வருஷமா இதத்தான் பண்றாங்க. பாக்ஸ் பக்கம் பாத்தா இன்புட் ஷாஃப்ட்டோட (கிளட்ச்லேர்ந்து பாக்ஸுக்குள்ள போற தண்டு) ஸ்ப்ளைன், அதாவது அது மேல இருக்கற பல் வரிசை, 1.6லயும் 1.8லயும் ஒண்ணுதான், அதனால கிளட்ச் பிளேட் எதுவானாலும் ஷாஃப்ட்ல ஏறும். ஏற்கனவே 1.6 ஃப்ளைவீல் கைல இருந்திருந்தா அந்த 200 மி.மீ. கிட் மட்டுமே போதும், ஸ்டாண்டர்ட் இன்ஜினுக்கு அது தாங்கும்னு சொல்லியிருப்பேன். உங்ககிட்ட எதுவுமே இல்லாதப்ப பெருச வாங்குறதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஒரு எச்சரிக்கை, 2005க்கு அப்புறம் வந்த 2 லிட்டர் எம்எக்ஸ்-5ஓட சாமான் எதையும் இதுல கலக்காதீங்க, பேர் மட்டும்தான் ஒண்ணு, இன்ஜின் பாக்ஸ் ரெண்டுமே வேற வம்சம்.

இப்ப கணக்குக்கு வர்றேன். கிளட்ச்னா ஒரு சாமான்னு நினைச்சு கார் பேர போட்டு தேடுறதுலதான் ஸ்வாப் (ஒரு காரோட இன்ஜினோ பாக்ஸோ இன்னொரு கார்ல மாத்தி வைக்கறது) பண்றவங்க எல்லாரும் மாட்டிக்கறாங்க. அது ஒரு சங்கிலி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முதலாளி இருக்கான். ஃப்ளைவீல் இன்ஜினுக்கு பதில் சொல்லணும், பிரஷர் பிளேட் ஃப்ளைவீலுக்கு பதில் சொல்லணும், கிளட்ச் பிளேட் மட்டும் ரெண்டு பேருக்கு பதில் சொல்லணும், விளிம்பு ஃப்ளைவீலுக்கு, நடு ஓட்டை கியர்பாக்ஸுக்கு. பெடல மிதிச்சா கிளட்ச விலக்கற ரிலீஸ் பேரிங் பாக்ஸோட ஸ்லீவ்ல ஓடுது, பிரஷர் பிளேட்டோட விரல்கள (நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்பிரிங் நாக்குங்க) அழுத்துது, அதனால அதுக்கும் ரெண்டு முதலாளி. பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பாடிக்கு சொந்தம், அதோட திரவ அழுத்தத்துல கிளட்ச விலக்கற ஸ்லேவ் சிலிண்டர் பாக்ஸுக்கு சொந்தம், ரெண்டும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகணும். எந்த ஸ்வாப் ஆனாலும் ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்து "நீ யாருக்கு பதில் சொல்ற"ன்னு கேட்டீங்கன்னா எத எந்த கார் பேர்ல ஆர்டர் பண்ணணும்னு தானா தெரிஞ்சிடும். ஒரே முதலாளின்னா கவலையில்ல, அந்த காரோட சாமான் வாங்கிட்டா முடிஞ்சது. ரெண்டு முதலாளி இருக்கற இடத்துலதான் வெர்னியர் எடுத்து அளக்கணும்.

கிளட்ச் பிளேட்ல அளக்க வேண்டியது நாலு: வெளி விட்டம், உள் விட்டம், ஸ்ப்ளைன் எத்தன பல், ஸ்ப்ளைனோட விட்டம். எக்ஸெடி, லுக், சாக்ஸ், வேலியோ மாதிரி கிளட்ச் செய்யறவங்க கேட்டலாக்ல இந்த அளவுங்கள வரிசையா போட்டிருப்பாங்க, அதுல தேடினா கார் பேரே தேவையில்ல, பல நேரம் சம்பந்தமே இல்லாத ஒரு கார்லேர்ந்து சரியான பிளேட் கிடைச்சிடும். பல் எண்ணும்போது ஒரு பல்லுல மார்க்கர் வெச்சு அங்கேர்ந்து எண்ணுங்க, எண்ணிக்கிட்டே போய் எங்க ஆரம்பிச்சோம்னு மறந்து ஒரு பல் கூட எண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன். பல் எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் போதாது, பிளேட் ஷாஃப்ட்ல தன் எடையிலேயே வழுக்கிப் போகணும், அதே நேரம் பக்கவாட்டுல ஆட்டினா லொடலொடன்னு ஆடக்கூடாது. இறுக்கமா போச்சுன்னா பெடல மிதிச்சாலும் பிளேட் ஃப்ளைவீல விட்டு விலகாது. கிரீஸ் வெச்சா ஓடிடும்னு நினைச்சு அப்பிடாதீங்க, சுத்துற வேகத்துல அது தெறிச்சு லைனிங்ல விழும், அப்புறம் புது கிளட்ச் முதல் நாளே வழுக்கும்.

இந்த நாலு அளவுல வராத அஞ்சாவது ஒண்ணு இருக்கு, அதுலதான் நான் பாடம் படிச்சேன். பல வருஷம் முன்னாடி வேற ஒரு கார்ல ஸ்வாப் பண்ணினோம், பிளேட்டோட விட்டம் சரி, ஸ்ப்ளைன் சரி, மாட்டியாச்சு, பாக்ஸும் ஏத்தியாச்சு. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கியர் வெண்ணெய் மாதிரி விழுது, ஸ்டார்ட் பண்ணினா ஒரு கியரும் உள்ள போகல, ரிவர்ஸ் கர்ர்ருன்னு கத்துது. பைப்ல காத்து இருக்குன்னு மூணு தடவ பிளீட் பண்ணி காத்த வெளியேத்தினோம், மாஸ்டர் சிலிண்டர மாத்தினோம், ரிலீஸ் பேரிங்க தள்ளுற ஃபோர்க் வளைஞ்சிருக்கோன்னு பாத்தோம். கடைசியா வேற வழியில்லாம பாக்ஸ இறக்கினா ஃப்ளைவீல் போல்ட்டுங்களோட தலை எல்லாம் புதுக் காசு மாதிரி பளபளன்னு மின்னுது, கிளட்ச் பிளேட்டோட நடு ஹப்ல ஃப்ளைவீல் பக்கம் அதே வட்டத்துல ஒரு தேஞ்ச கோடு. அந்த பிளேட்டோட ஸ்பிரிங் கூடு ஒரிஜினல விட கொஞ்சம் ஃப்ளைவீல் பக்கம் துருத்திக்கிட்டு இருந்திருக்கு, அது போய் போல்ட் தலைல உரசிக்கிட்டே இருந்திருக்கு, அப்புறம் எப்படி விலகும்? அன்னிலேர்ந்து பிரஷர் பிளேட் மாட்டறதுக்கு முன்னாடி வெறும் கிளட்ச் பிளேட்ட ஃப்ளைவீல் மேல கையால வெச்சு அழுத்தி ஒரு முழு சுத்து சுத்திப் பாக்காம நான் வேலைய தொடர்றதில்ல. சந்தேகமா இருந்தா பசங்க விளையாடற களிமண்ண போல்ட் தலைல ஒரு சிட்டிகை ஒட்டி, பிளேட்ட வெச்சு அழுத்தி எடுத்துப் பாருங்க, எவ்வளவு இடைவெளின்னு அதுவே சொல்லும். ரெண்டு நிமிஷ வேலை, பாக்ஸ ரெண்டாவது தடவ இறக்கற வேலை மிச்சம். அப்புறம் பிளேட்ல "ஃப்ளைவீல் பக்கம்"னு அச்சடிச்சிருப்பாங்க, திருப்பி மாட்டினாலும் இதே கூத்துதான்.

ஃப்ளைவீலுக்கு வருவோம். பழசு வாங்கினீங்கன்னா அத யார் எத்தன தடவ கடைசல் பிடிச்சாங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சில ஃப்ளைவீல்ல கிளட்ச் பிளேட் உரசுற பரப்பு ஒரு மட்டத்துலயும் பிரஷர் பிளேட் போல்ட் ஆகிற பரப்பு இன்னொரு மட்டத்துலயும் இருக்கும், அந்த படி உயரம் மாறினா பிரஷர் பிளேட்டோட அழுத்தமும் மாறும், விரல்கள் நிக்கிற இடமும் மாறும். கடைசல்காரர் உரசுற பரப்ப மட்டும் எடுத்துட்டு இன்னொண்ண அப்படியே விட்டா கிளட்ச் வழுக்கும், பார்க்க புதுசு மாதிரி இருக்கும், காரணம் தேடி அலைவீங்க. அதனால கடைசல் பிடிக்கச் சொல்லும்போது அந்த படியோட அளவ காப்பாத்தச் சொல்லி வாயால சொல்லணும், சொல்லாமலே செய்வாங்கன்னு நம்பாதீங்க. பிரஷர் பிளேட்ட நடுவுல நிறுத்துற சின்ன டவல் பின்னுங்க ஃப்ளைவீல்ல இருக்கான்னும் பாத்துக்குங்க, பழசுல பாதி நேரம் ஒண்ணு காணாம போயிருக்கும்.

ஆட்டோமேட்டிக்லேர்ந்து மாத்தறதால உங்களுக்குன்னு ரெண்டு விஷயம். டார்க் கன்வர்ட்டருக்கு (ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் இடத்துல இருக்கறது) முன்னாடி இருந்த மெல்லிசு தகடு கழண்டு வரும், அதோட போல்ட்ட எடுத்து ஃப்ளைவீலுக்கு போடாதீங்க, தகடு மெல்லிசுங்கறதால அந்த போல்ட் நீளம் பத்தாம போகலாம், ஃப்ளைவீலுக்குன்னு இருக்கற போல்ட்டயே வாங்குங்க, நூலுக்கு சீலன்ட் தடவுங்க, முறுக்கு அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கறபடி. ரெண்டாவது பைலட் பேரிங், இன்புட் ஷாஃப்ட்டோட நுனிய தாங்கற குட்டி பேரிங். உங்க எம்எக்ஸ்-5ல அது ஃப்ளைவீலோட நடுவுலயே உக்காரும், அதனால ஃப்ளைவீல் வாங்கும்போது புது பேரிங் ஒண்ணையும் சேத்து அடிச்சு ஏத்திடுங்க, வேலை முடிஞ்சது. இத படிக்கிற வேற கார்க்காரங்களுக்கு இது இவ்வளவு சுலபமில்ல, பல இன்ஜின்ல அது கிராங்க்குக்குள்ள உக்காரும். ஜிஎம்மோட எல்எஸ் வி8 இன்ஜின்ல பைலட் பேரிங்கே ரெண்டு சைஸ், சின்னது உள்ள ஆழத்துல போகும், பெருசு வெளி வாயில உக்காரும், உங்க ஷாஃப்ட் நுனி எது வரைக்கும் எட்டுதுன்னு அளந்துதான் எதுன்னு முடிவு பண்ண முடியும். அதே குடும்பத்துல 1999, 2000 வருஷத்து சில 6.0 லிட்டர் ட்ரக் இன்ஜின்ல கிராங்க்கோட பின்முனை சுமார் 10 மி.மீ. நீளம் அதிகம், தெரியாம வாங்கினவன் ஃப்ளைவீல் பெல் ஹவுசிங்குக்குள்ள (கிளட்ச மூடியிருக்கற பாக்ஸோட முன்கூடு) தப்பான இடத்துல நிக்குதேன்னு தலைய பிச்சுப்பான்.

பேலன்ஸ் பத்தி ஒரு வரி. உங்க நாலு சிலிண்டர்ல ஃப்ளைவீல் தனியா பேலன்ஸ் ஆனது, கவலையில்ல. ஆனா வி8 எடுத்தவங்க, சில வி8ல ஃப்ளைவீல்ல வேணும்னே ஒரு பக்கம் எடை வெச்சிருப்பாங்கங்கறத மறக்கக்கூடாது. ஃபோர்டோட 302 வி8 இன்ஜின்ல பழசுக்கு 28 அவுன்ஸ், 1980கள்ல வந்ததுக்கு 50 அவுன்ஸ், போல்ட் அழகா ஏறும், மாத்தி மாட்டினா கார் மொத்தமும் உதறும்.

புஷ், புல் விஷயமும் அதே மாதிரி கண்ணுக்கு தெரியாத கண்ணி. பெரும்பாலான கார்ல ரிலீஸ் பேரிங் விரல்கள இன்ஜின் பக்கம் தள்ளும், சிலதுல விரல்களுக்குள்ள கிளிப் ஆகி பாக்ஸ் பக்கம் இழுக்கும். உங்க கார் தள்ளுற வகை, ரெண்டு இன்ஜினுக்கும் அதேதான். ஆனா அமெரிக்காவுல வித்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்ல 2002லேர்ந்து 2005 வரை இழுக்கற வகை, 2006லேர்ந்து தள்ளுற வகை, பேர் அதே, ஃபைவ் ஸ்பீடும் அதே. டொயோட்டாவோட ஆர்154 பாக்ஸ் 7எம் டர்போ இன்ஜினோட வந்தப்ப தள்ளுற வகை, 1ஜேஇசட் டர்போ இன்ஜினோட வந்தப்ப இழுக்கற வகை. இங்க பாக்ஸ் பேர சொல்லி கிளட்ச் கேட்டா கடைக்காரர் தப்பு சொல்லலேன்னாலும் நீங்க தப்பா வாங்குவீங்க, ஃபோர்க்கு பிவட் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துதான் சொல்ல முடியும்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உங்களுக்கு இல்ல, சந்தோஷம். நிசான் 350இசட் மாதிரி கார்ல வரும், அதுல அதிர்வ உறிஞ்சுற ஸ்பிரிங் ஃப்ளைவீலுக்குள்ளயே இருக்கறதால கிளட்ச் பிளேட்ல பல நேரம் ஸ்பிரிங்கே இருக்காது. அத கழட்டிட்டு சாதா ஃப்ளைவீல் போடறவங்க அதே பிளேட்ட வெச்சா கியர்பாக்ஸ் நியூட்ரல்ல கடகடன்னு உருளும், கார் நகரும்போது உலுக்கும், அதனால ஸ்பிரிங் வெச்ச பிளேட்டா மாத்தணும். ஸ்பிரிங் வெச்சாலும் கொஞ்சம் சத்தம் மிஞ்சும், அது பழுது இல்ல.

ஹைட்ராலிக்ஸ நான் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா ஆட்டோமேட்டிக் பாடில பெடல், மாஸ்டர், பைப் எல்லாமே நீங்க புதுசா சேக்கப் போறீங்க, அங்க "பெருசா போட்டா நல்லது"ங்கற ஆசை வரும். வேண்டாம். மாஸ்டரோட துளை 5/8 அங்குலம், ஸ்லேவோட துளை 3/4 அங்குலம்னு வெச்சுக்குங்க. மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தா ஸ்லேவ் நகர்றது சுமார் 21 மி.மீ., பரப்பளவுகளோட விகிதம்தான் அது. இப்ப மாஸ்டரயும் 3/4 ஆக்கினா ஸ்லேவ் முழு 30 மி.மீ. தள்ளும், பெடலும் 44 சதவீதம் கனமாகும், காலுக்கு வலி ஒரு பக்கம், விரல்கள அளவுக்கு மீறி உள்ள தள்ளி பிரஷர் பிளேட்டயே கெடுத்துடும். சின்னதா போட்டா பெடல் மெத்துன்னு இருக்கும், கிளட்ச் முழுசா விலகாது. அதனால மாஸ்டர், ஸ்லேவ் ரெண்டையும் ஒரே மேனுவல் எம்எக்ஸ்-5ஓட ஜோடியா வாங்கிடுங்க. உங்க கார்ல ஸ்லேவ் பாக்ஸுக்கு வெளிய இருக்கு, கசிஞ்சா படுத்துக்கிட்டே மாத்திடலாம். 370இசட்காரங்களுக்கு அது பெல் ஹவுசிங்குக்குள்ள ஷாஃப்ட்ட சுத்தி உக்கார்ந்திருக்கு, கசிஞ்சா பாக்ஸ் இறங்கணும், அதனால அங்க ஸ்வாப் பண்ணும்போது பழசயே திரும்ப மாட்டறது தற்கொலை.

பாக்ஸ ஏத்தும்போது இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவுல ஒரு மெல்லிசு தகடும் பாக்ஸ சரியான இடத்துல நிறுத்தற ரெண்டு உள்ளீடற்ற டவல் பின்னும் வரும், ஸ்வாப்ல முதல்ல தொலையறது இதுதான். டவல் இல்லாம போல்ட்ட மட்டும் நம்பி மாட்டினா பாக்ஸ் ஒரு முடி அளவு விலகி நிக்கும், பைலட் பேரிங் சீக்கிரம் ஊளையிடும், கிளட்ச் பிளேட்டோட ஹப் தேயும், காரணம் கிளட்ச்னு நினைச்சு கிளட்ச மாத்துவீங்க. பழைய வி8காரங்க டயல் கேஜ் வெச்சு பெல் ஹவுசிங் நடு மையத்துலேர்ந்து விலகற ஓட்டம் 0.13 மி.மீ.க்குள்ள இருக்கான்னு பாப்பாங்க. உங்களுக்கு அடாப்டர் பிளேட் எதுவும் இல்லாததால டவல் ரெண்டும் இருந்தா போதும்னு நான் நினைக்கிறேன். கைக்கு எட்டுற இந்த நேரத்துல கிராங்க்கோட பின் ஆயில் சீலையும் மாத்திடுங்க, அது கசிஞ்சா எண்ணெய் நேரா கிளட்ச்லதான் விழும்.

நிச்சயமா சொன்னதையும் அப்படி இல்லாததையும் பிரிச்சுடறேன். 1.8 ஃப்ளைவீல் உங்க கிராங்க்ல ஏறும், 215 கிட் அதுல ஏறும், பிளேட் உங்க பாக்ஸ்ல ஏறும், இது மூணும் உறுதி. நீங்க வாங்கப் போற கிட் ஒரிஜினல் அளவுல செஞ்சதா, பெட்டிக்குள்ள இருக்கறது பெட்டி மேல போட்டதுதானான்னு இங்கேர்ந்து யாரும் சொல்ல முடியாது, அத பிரிச்சு அளந்துதான் பாக்கணும், அதுவரைக்கும் பெட்டியயும் பில்லயும் தூக்கிப் போடாதீங்க. உங்க பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் தேய்மானத்தயும் போட்டோவுல பாத்து சொல்ல முடியாது, ஸ்ப்ளைன்ல நகத்த குறுக்கால ஓட்டினா படி மாதிரி தட்டுப்பட்டா அது வேற கதை. கார்டன் ஷாஃப்ட்டும் (பாக்ஸ்லேர்ந்து பின் சக்கரங்கள சுத்துற டிஃப்ரன்ஷியலுக்கு போற தண்டு), பாக்ஸுக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் நடுவுல ஓடற ஃப்ரேமும் ஆட்டோமேட்டிக்கோடது இதுக்கு உதவும்னு நம்பி உக்காராதீங்க, மேனுவலோடத தேடுங்க, தேடும்போது ஒண்ணு ஞாபகம், 1.6 டிஃப்ரன்ஷியலோட முகப்பும் 1.8ஓட முகப்பும் வேற, உங்களுது இன்னும் 1.6 டிஃப்ரன்ஷியல்னா 1.6 மேனுவலோட ஷாஃப்ட்தான். வயரிங், ஸ்டார்ட் ஆகவிடாத நியூட்ரல் ஸ்விட்ச் இதெல்லாம் என் கை இல்ல, அத எலக்ட்ரிக்கல் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடறேன்.

கிட் வந்ததும் பிளேட்டோட நாலு அளவையும் ஷாஃப்ட்ல எண்ணின பல் எண்ணிக்கையையும், ஃப்ளைவீல்ல பிளேட்ட வெச்சு சுத்தினப்ப போல்ட் தலைல உரசுதா இல்லையாங்கறதயும் இதுக்கு கீழயே எழுதிப் போடுங்க, பாக்ஸ ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்.